சொறியாத நோயாளியைத் தேடுவோம்



களை பிடுங்கிப் பழகிய கைகளுக்கு இந்தப் பாடம் கடினமாக இராது. வெங்காயப் பாத்தி முழுவதையும் துப்புரவாக்கிவிட்டு, வேலியோரத்தில் விதை முற்றிய ஒரு செடியை மட்டும் விட்டுவைத்தால் என்ன நடக்கும்? அடுத்த மழைக்குப் பாத்தி முழுவதும் மீண்டும் களைதான். சொறிநோயும் இதைப் போன்றதே. பிள்ளைகளுக்குப் பல தடவை மருந்து பூசியும் ஒரு வீட்டில் சொறி திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசாமல் விட்டது முதற் காரணமாக இருக்கலாம். ஆனால் நாம் அடிக்கடி காணத் தவறும் இன்னொரு காரணமும் உண்டு. அந்த வீட்டின் ஒரு மூலையில், சொறியவே சொறியாத ஒரு கடும் நோயாளி படுத்திருக்கக் கூடும்.

அவரைக் கண்டுபிடிப்பது எப்படி, அவருக்குச் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பவற்றை இந்தப் பாடத்தில் படிப்போம்.

ஒரு வீட்டின் கதை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, 70,000க்கும் மேற்பட்டோர் தங்கள் வயலையும் வீட்டையும் விட்டு வந்தார்கள். மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பாலாவி, தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலை, கற்பிட்டி என்று இக்கரையோரம் எங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. 2009இல் போர் முடிந்த பின்னர் சிலர் ஊர் திரும்பினர். சிலர் இரண்டு இடத்துக்குமாக அலைந்தனர். பலர் இங்கேயே தங்கிவிட்டனர். கிடுகு போய்க் கல்வீடு வந்த இடங்களிலும் ஒரு வளவுக்குள் மூன்று தலைமுறை வாழ்வது மாறவில்லை. பிள்ளைகள் வரிசையாக ஒரே பாயில் படுக்கிறார்கள். சொறிப்பூச்சிக்கு வேண்டியது இந்த நெருக்கம்தான்.

அப்படியான ஒரு குடியிருப்பில் எமக்கு ஏற்பட்ட அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் சொறி. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள், இரவெல்லாம் கடி. நாமும் எமது தொண்டர்களும் மருந்துப் போத்தல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பதினைந்து நாளில் சுகமானது; ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் கொடுத்தோம், மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை, “மருந்தை ஒழுங்காகப் பூசவில்லை” என்று அந்தத் தாயைக் குறை சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வீட்டின் பின்பக்கத்தில் சேலையால் மறைத்த ஓர் ஒதுக்கு இருந்தது. நாம் ஒருநாளும் அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் தடவை போனபோதுதான், அங்கே உம்மம்மா படுத்திருப்பதைக் கண்டோம். இரண்டு கைகளிலும் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு. முழங்கையிலும் குதிக்காலிலும் வெடிப்பு. நகங்கள் தடித்து மஞ்சளித்துப் போயிருந்தன. பாயைத் தட்டினால் தவிடு போலச் செதில் கொட்டியது. “உங்களுக்குக் கடிக்கவில்லையா?” என்று கேட்டோம்.

“எனக்குக் கடியே இல்ல பாதர். இது வயசுக்கு வந்த வரட்சி. கடிக்கிற புள்ளையளப் பாருங்க” என்றார் அவர்.

அக்கம்பக்கத்தார் அதைத் தொழுநோய் என்று இரகசியமாகப் பேசியதால், மகள் தாயை மறைத்து வைத்திருந்தார். இரவில் உம்மம்மாவுக்குக் காவலாகப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் மாறி மாறி அவர் பக்கத்தில் படுத்தார்கள். மருந்து பூசிய பிள்ளைகளுக்குச் சொறி எங்கிருந்து திரும்பி வந்தது என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது. தவறு அந்தத் தாயுடையது அல்ல, பாராமல் மருந்து கொடுத்த எங்களுடையது.

சாதாரண சொறி எப்படி வருகிறது?

சொறியை உண்டாக்குவது உண்ணி இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் பூச்சி ஒன்று. பெண் பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அது தோலின் மேற்படையில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டையாக இடுகிறது. மூன்று நான்கு நாளில் முட்டை பொரிக்கும். இரண்டு கிழமைக்குள் குஞ்சு முழுப் பூச்சியாகிவிடும்.

பூச்சியும் அதன் கழிவும் உடலுக்கு ஒவ்வாமையை ஏற்படுத்துவதாலேயே கடி உண்டாகிறது. முதல் தடவையாகத் தொற்றும்போது கடி தொடங்க நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்கு முன்னரே அவர் மற்றவருக்குத் தொற்றைக் கொடுத்துவிடலாம். ஆகவே “எனக்குக் கடிக்கவில்லை, எனக்கு மருந்து வேண்டாம்” என்று வீட்டில் ஒருவர் சொல்வதை ஏற்கக் கூடாது.

1940களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கென்னத் மெலன்பி என்ற விஞ்ஞானி சொறி நோயாளிகளின் உடலிலிருந்த பூச்சிகளை எண்ணிப் பார்த்தார். ஒருவரிடம் சராசரியாகப் பதினொரு பெண் பூச்சிகளே இருந்தன. சாதாரண சொறி போர்வையாலும் உடுப்பாலும் பரவுவது குறைவு என்பதையும், உடலோடு உடல் நீண்ட நேரம் படுவதாலேயே பெரும்பாலும் பரவுகிறது என்பதையும் அவர் காட்டினார். ஒரே பாயில் படுப்பதும், பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்திருப்பதும் இவ்வகையான நெருக்கங்களே. சொறி அழுக்கின் அடையாளமன்று. நாளுக்கு இரண்டு தடவை குளிப்பவருக்கும் அது வரும்.

கடும் சொறி ஏன் வருகிறது?

நல்ல உடலில் பூச்சிகள் பத்துப் பதினைந்துக்கு மேல் பெருகுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அடக்குகிறது. நாம் சொறியும்போதும் பல பூச்சிகள் அழிகின்றன. எதிர்ப்புச் சக்தி குன்றியவரிலோ சொறிய முடியாதவரிலோ இந்த இரண்டு காவலும் இல்லாமற் போகின்றன. அப்போது பூச்சி ஆயிரக்கணக்கில், சிலரில் இலட்சக்கணக்கில் பெருகுகிறது. தோல் தடித்துப் பொருக்காகிறது. அந்தப் பொருக்கு முழுவதும் பூச்சியும் முட்டையும்தான். இதை நாம் இங்கே பொருக்குச் சொறி என்று அழைப்போம்.

1848இல் நோர்வே நாட்டில் டானியல்சன், பெக் என்ற இரு வைத்தியர்கள் தொழுநோயாளரிடையே இதைக் கண்டு எழுதினார்கள். அதனால் நெடுங்காலம் இதற்கு நோர்வேச் சொறி என்ற பெயர் வழங்கியது. தொழுநோயாலோ நரம்புப் பாதிப்பாலோ தோலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கடி தெரியாது. கை மடங்கியவரால் சொறியவும் முடியாது. எனவே பூச்சி தடையின்றிப் பெருகுகிறது.

சாதாரண சொறிக்கும் பொருக்குச் சொறிக்கும் காரணம் ஒரே பூச்சிதான். பொருக்குச் சொறி உள்ளவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது பெரும்பாலும் சாதாரண சொறியே. ஆனால் அவரிடமிருந்து அது மிக எளிதாகத் தொற்றும். சற்று நேரம் கை பிடித்தாலும், அவர் இருந்த பாயில் இருந்தாலும், உதிர்ந்த செதில் பட்டாலும் போதும்.

யாரைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

உங்கள் வீட்டிலோ அயலிலோ பின்வருவோர் இருந்தால், அவர்களின் கை, கால், முழங்கை, காது, தலை ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள்.

1. ஈழை நோய்க்கோ மூட்டு வாதத்துக்கோ நெடுங்காலமாகப் பிரட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள்.
2. தோலில் கடி வந்ததும் மருந்துக்கடையில் ஸ்டீரொயிட் கிறீம் வாங்கி மாதக்கணக்கில் பூசி வருபவர்கள்.
3. முதுமையால் தளர்ந்தவர்களும் ஞாபகமறதி நோய் உள்ளவர்களும்.
4. பாரிசவாதம் வந்தவர்கள், போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், கை கால் வழங்காதவர்கள்.
5. சலரோகம் கட்டுப்பாடின்றி இருப்பவர்கள்; போதிய உணவின்றி மெலிந்தவர்கள்.
6. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள்.
7. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், தொழுநோய் உள்ளவர்கள்.
8. டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவர்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொருக்குச் சொறி வரும் என்பது இதன் பொருளன்று. சொறி நடமாடும் ஒரு குடியிருப்பில் முதலில் பார்க்க வேண்டியவர்கள் இவர்களே என்பதுதான் பொருள்.

அடையாளங்கள்

பொருக்குச் சொறியில் கடி குறைவாக இருக்கும். ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கடியே இராது. இதுதான் எம்மை ஏமாற்றுகிறது. ஆகவே கடியைக் கேட்பதோடு நில்லாமல் கண்ணால் பார்க்க வேண்டும்.

கை, பாதம், முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சாம்பல் அல்லது மஞ்சள் நிறத்தில் தடித்த பொருக்கு இருக்கும். காதின் பின்புறத்திலும் தலையிலும் செதில் படியும். அதைப் பொடுகு என்று எண்ணிவிடுவோம். நகங்கள் தடித்து, அவற்றின் அடியில் தூள் போன்று சேர்ந்திருக்கும். மடிப்புகளில் தோல் வெடித்து நீர் வடியலாம். சிலருக்குப் பொருக்கு உடல் முழுவதும் பரவாமல் ஒரு கையில் அல்லது விரல்களில் மட்டும் நிற்கும்.

இன்னோர் அடையாளம் நோயாளியின் உடலில் அல்ல, அவரைச் சுற்றி இருக்கிறது. அவரைப் பராமரிப்பவருக்கும், அவரோடு படுக்கும் பிள்ளைக்கும், குளிப்பாட்டி விடும் மருமகளுக்கும் அடிக்கடி சொறி வருகிறதா என்று கேளுங்கள். நடுவில் ஒருவருக்குப் பொருக்கு, சுற்றியிருப்போருக்குக் கடி என்றால் தாமதிக்க வேண்டாம்.

இதைப் பலவாறு பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். சிலர் கரப்பான் என்பர். சிலர் செதில் படை என்பர். சிலர் வயதின் வரட்சி என்பர். தொழுநோய் என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. தொழுநோயின் முக்கிய அடையாளம் உணர்ச்சி குறைந்த, நிறம் வெளிறிய அல்லது சிவந்த படை ஆகும். அதற்கும் இலவசமாகச் சிகிச்சை உண்டு. அது முற்றாகக் குணமாகும். எதுவாயினும் மறைப்பதால் நோயாளிக்கும் நன்மையில்லை, வீட்டாருக்கும் நன்மையில்லை.

ஸ்டீரொயிட் கிறீம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பூசியதும் கடியும் சிவப்பும் தணியும். சுகமாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் பூச்சி சாவதில்லை. காவல் நீங்கியதால் மேலும் பெருகும். வைத்தியர் சொல்லாமல் கடிக்கு ஸ்டீரொயிட் கிறீம் வாங்கிப் பூசாதீர்கள். அதேவேளை, வைத்தியர் தந்த ஸ்டீரொயிட் குளிசையை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் எடுத்தவர் சடுதியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் பொறுப்பு.

வைத்தியர் எப்படி உறுதிசெய்கிறார்?

பொருக்கிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். சாதாரண சொறியில் பூச்சி மிகச் சிலவே உள்ளதால் சில வேளை அகப்படாது. பொருக்குச் சொறியிலோ பூச்சியும் முட்டையும் நிறையவே தெரியும். நோவில்லாத, சில நிமிடத்தில் முடியும் பரிசோதனை இது.

அதன் பின்னர், எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தேடுவார்கள். இரத்தத்தில் சீனி பார்ப்பார்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் சம்மதம் கேட்கலாம். இதைக் கேட்டு யாரும் அவமானப்பட வேண்டாம். இது நடத்தையை விசாரிப்பதற்காகக் கேட்பதன்று. காரணத்தைக் கண்டறிந்தால்தான் நோய் திரும்பாமல் தடுக்கலாம்.

நாங்கள் சொன்ன உம்மம்மா பல ஆண்டுகளாக ஈழைக்குப் பிரட்னிசலோன் எடுத்து வந்தவர். ஒருமுறை எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டியே மீண்டும் மீண்டும் கடையில் வாங்கியிருந்தார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோன அன்று அவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தன. தோல் வெடிப்பு வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். இன்னும் இரண்டொரு நாள் பிந்தியிருந்தால் காப்பாற்றுவது கடினம் என்றும் சொன்னார். பொருக்குச் சொறியில் மரணம் பெரும்பாலும் இந்த வழியாகவே வருகிறது. காய்ச்சல், நடுக்கம், வெடிப்பில் சீழ், தடுமாறிய பேச்சு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சிகிச்சை

பொருக்குச் சொறியை வீட்டில் வைத்து நாமாகக் குணமாக்க முடியாது. இது பல கிழமை எடுக்கும் சிகிச்சை. பெரும்பாலும் வைத்தியசாலையில் தனி அறையிலோ தனிக் கட்டிலிலோ வைத்துத் தொடங்குவார்கள். சிகிச்சையில் நாலு பகுதிகள் உண்டு.

முதலாவது, குளிசை. ஐவர்மெக்ரின் என்ற மருந்தை உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்கிறோகிராம் என்று கணக்கிட்டுக் கொடுப்பார்கள். நோயின் கடுமைக்கேற்ப மூன்று, ஐந்து அல்லது ஏழு தடவைகள், முதலாம், இரண்டாம், எட்டாம் நாள் என்று இடைவெளி விட்டுக் கொடுப்பார்கள். இடைவெளி எதற்கு? மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பொரித்து வரும் குஞ்சுகளை அடுத்த தடவை மருந்து கொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, பூச்சு மருந்து. பெர்மெத்ரின் 5 வீதக் கிறீமை அல்லது பென்சைல் பென்சோவேற் மருந்தைத் தலை முதல் உள்ளங்கால் வரை, முதல் கிழமையில் நாள்தோறும், பின்னர் கிழமைக்கு இரு தடவை என்று சுகமாகும்வரை பூசுவார்கள். நகத்தை ஒட்ட வெட்டி, நகத்தின் அடியிலும் மருந்து பூசுவது முக்கியம்.

மூன்றாவது, பொருக்கை இளக்குதல். தடித்த பொருக்குக்குள் மருந்து இறங்காது. குளித்தபின் சலிசிலிக் அமிலம் அல்லது யூரியா கலந்த வைத்தியக் களிம்பைப் பூசிப் பொருக்கை மெல்ல மெல்ல உதிர்ப்பார்கள். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்துப் பூசலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

நாலாவது, கிருமித் தொற்றுக்கு மருந்து. இதையும் வைத்தியரே தீர்மானிப்பார்.

பராமரிப்பவர் கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அணிந்து, வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். தொட்டுப் பராமரிக்கப் பயப்பட வேண்டியதில்லை. தானும் மருந்து பூசிக்கொண்டால் போதும்.

வீட்டார் அனைவருக்கும் ஒரே நாள்

வைத்தியசாலையில் உம்மம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கும் அதே நாளில் வீட்டிலுள்ள அனைவரும், கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருந்து பூச வேண்டும். இதற்கான ஒழுங்கு பின்வருமாறு:

1. மாலையில் குளித்து, உடலைத் துடைத்து, தோல் உலர்ந்தபின் பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசுங்கள். விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், மறைவிடம், மார்பின் கீழ், நக இடுக்கு எதையும் விடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கண்ணையும் வாயையும் தவிர்த்து முகத்திலும் தலையிலும் பூச வேண்டும்.
2. இரவு முழுவதும், எட்டு முதல் பதினாலு மணி நேரம் வரை, அது உடலில் இருக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள்.
3. காலையில் குளித்து, துவைத்த உடுப்பை அணியுங்கள்.
4. ஒரு கிழமை முதல் இரண்டு கிழமைக்குள் இன்னொரு தடவை பூசுங்கள். இரண்டாம் தடவையைக் கைவிடுவதே பலருடைய தவறு.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 கிராம், அதாவது அந்த அளவுள்ள ஒரு முழுக் குழாய் வேண்டும். ஒரு குழாயை ஆறு பேர் பங்கிட்டுக் கடித்த இடத்தில் மட்டும் பூசினால் காசும் வீண், மருந்தும் வீண். வாங்க வசதியில்லையென்றால் அரசாங்க வைத்தியசாலையில் கேளுங்கள். குடும்பநல மாதுவிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் என்ன மருந்து என்பதைக் கட்டாயம் வைத்தியரிடம் கேட்க வேண்டும். கந்தகக் களிம்பு போன்ற வேறு மருந்துகள் அவர்களுக்கு உண்டு.

மருந்து வேலை செய்த பின்னரும் கடி இரண்டு முதல் நாலு கிழமை வரை நீடிக்கலாம். செத்த பூச்சியின் மிச்சமே அதற்குக் காரணம். எனவே பயந்து நாள்தோறும் மருந்து பூசிக்கொண்டிருக்க வேண்டாம். நாலு கிழமைக்குப் பின்னும் புதிய பருக்கள் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் பூச்சு முடிந்த மறுநாளே பிள்ளை பாடசாலைக்குப் போகலாம்.

பிள்ளைகளின் சொறிப் புண்ணில் சீழ் வைத்தால் அதையும் அசட்டை செய்ய வேண்டாம். அந்தக் கிருமி சில பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பாயும் உடுப்பும்

சாதாரண சொறியில், கடைசி மூன்று நாள் பாவித்த உடுப்பு, சாரம், துவாய், விரிப்பு ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவிட்டால் போதும். பூச்சி மனித உடலை விட்டுப் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாழாது. பொருக்குச் சொறியில் கூடுதலான கவனம் வேண்டும். உதிர்ந்த செதிலுக்குள் பூச்சி இன்னும் சில நாள் உயிரோடிருக்கலாம். ஆகவே நோயாளியின் பாய், தலையணை, கதிரை ஆகியவற்றை அவர் சிகிச்சையில் இருக்கும் காலம் முழுவதும் திரும்பத் திரும்பத் துப்புரவாக்க வேண்டும். தொழுகைப் பாயும் இதில் அடங்கும். தரையைக் கூட்டிச் செதிலை எரித்துவிடுங்கள்.

எமது கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீரின் அருமை எல்லோருக்கும் தெரியும். துவைக்க இயலாதவற்றைப் புதிய பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு கிழமை ஒதுக்கி வையுங்கள். தண்ணீரே தேவையில்லை. பூச்சிநாசினி வந்த பையைப் பாவிக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

பயிருக்கு அடிக்கும் மருந்தை உடலில் பூசாதீர்கள். பெர்மெத்ரினும் ஒரு பூச்சிநாசினிதானே, தோட்டத்துக்கு வாங்கியதைத் தண்ணீரில் கலந்து பூசினால் என்ன என்று எம்மிடம் கேட்டவர்கள் உண்டு. வைத்தியக் கிறீம் மனிதத் தோலுக்கென அளந்து செய்யப்பட்டது. தோட்ட மருந்தின் செறிவும் அதில் கலந்துள்ள கரைப்பான்களும் வேறு. வெடித்த தோல் வழியாக நஞ்சு உடலுக்குள் ஏறும். மண்ணெண்ணெயும் அவ்வாறே தோலைப் பொசுக்கும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஐவர்மெக்ரின் ஊசி மருந்தை மனிதருக்குக் கொடுக்காதீர்கள். பெயர் ஒன்றாயினும் அளவும் கலவையும் வேறு.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது எங்கள் பெரியோரின் பழக்கம். அது இதமளிக்கலாம். ஆனால் பொருக்குச் சொறியை அதனால் மட்டும் மாற்ற முடியாது. அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

ஊர் முழுவதும் சேர்ந்தால்

பிஜித் தீவுகளில் 2012இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சொறி மிகுந்த ஒரு சமூகத்தில், சொறி உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லோருக்கும் ஐவர்மெக்ரின் கொடுத்தார்கள். அது ஒவ்வாதவர்களுக்குப் பெர்மெத்ரின் கொடுத்தார்கள். அங்கே நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சொறி ஓராண்டில் நூற்றுக்கு இரண்டு பேராகக் குறைந்தது. நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் மருந்து கொடுத்த சமூகத்தில் நூற்றுக்கு 37 பேராக இருந்தது 19 ஆகவே குறைந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: புறக்கணிக்கப்பட்ட நோய். நோய் மட்டுமா புறக்கணிக்கப்படுகிறது? அதைச் சுமப்பவரும் சேலை மறைப்புக்குள் புறக்கணிக்கப்படுகிறார்.

தனிப்படுத்துவது வேறு, தள்ளி வைப்பது வேறு. சிகிச்சை முடியும்வரை தனிப் பாய், தனித் துவாய் வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் படுக்கக் கூடாது. ஆனால் அவருக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், எப்போது முடியும் என்று சொல்லும் ஒருவர் வேண்டும். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் வலி எங்கள் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுக்குள்ளேயே இன்னொருவரை அந்த நிலைக்கு ஆளாக்க வேண்டுமா?

அந்த உம்மம்மா ஐந்து கிழமைக்குப் பிறகு வீடு திரும்பினார். பொருக்கு உதிர்ந்த இடத்தில் புதுத்தோல் வந்திருந்தது. ஈழைக்கு உள்ளிழுக்கும் மருந்து கொடுத்து, குளிசையை வைத்தியர் படிப்படியாகக் குறைத்து வருகிறார். அதே நாள்களில் சுற்றியிருந்த எட்டு வீட்டாரும் ஒன்றாக மருந்து பூசினார்கள். பிள்ளைகளுக்குச் சொறி திரும்பவில்லை. பின்பக்கத்துச் சேலை மறைப்பை மகள் கழற்றிவிட்டார். மாதம் ஒருமுறை அவருடைய கையையும் நகத்தையும் பார்க்கும் பொறுப்பு மூத்த பேத்தியுடையது. பொருக்குச் சொறி ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடும் என்பதால் அந்தக் கவனிப்பு நிற்கக் கூடாது.

நாமும் ஒரு பாடம் படித்தோம். இப்போது எந்த வீட்டுக்குச் சொறி மருந்து கொண்டுபோனாலும் முதலில் கேட்பது, “இந்த வீட்டில் எத்தனை பேர்? எல்லோரையும் பார்க்கலாமா?” என்பதையே.

குழுக்களாகக் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் சொறி வந்த வீடுகள் எவை? அந்த வீடுகளில் வெளியே வராத ஒருவர் இருக்கிறாரா?
2. ஸ்டீரொயிட் குளிசையை அல்லது கிறீமைப் பழைய துண்டைக் காட்டி வாங்குபவர் எமக்குள் உண்டா? அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லப் போவது யார்?
3. பல வீட்டாரும் ஒரே மாலையில் மருந்து பூசுவதற்கு எந்த நாள் வசதியானது? தோட்ட வேலைக்குப் போகிறவர்களையும் கடலுக்குப் போகிறவர்களையும் மறந்துவிடாமல் தீர்மானியுங்கள்.
4. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் செலவுக்கும், அவரோடு தங்குபவரின் நாட்கூலி இழப்புக்கும் எமது சங்கத்தால் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டபின் கூட்டத்தை முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு முதியவரின் கையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.